சாமி தெருவுக்கு வந்த கதை: சோழர் காலச் செப்புத்திருமேனிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோழர் சிற்பம் என்றதும் அழகைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தச் சாமிக்கு முன்னால் எரிந்த விளக்குக்கு யார் ஆடு மேய்த்து நெய் கொடுத்தார், எதிரில் ஆடிய பெண்ணுக்கு எந்த வீடு, எவ்வளவு நெல் என்பதெல்லாம் பேச்சில் வருவதே இல்லை. இத்தனைக்கும் இவை எல்லாம் அதே கோயில் சுவரில் எழுத்தாக நிற்கின்றன. 9ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரை காவிரிப் படுகையில் பக்தியும் கலையும் ஊர் வாழ்க்கையும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று கேட்பவர்களுக்காக, வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

கருவறையில் கல்லில் மூலவர் இருக்கும்போது எதற்கு இன்னொரு சாமி?

மூலவர் நகர மாட்டார், அதுதான் காரணம்.

7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும், பின்னர் சுந்தரரும் ஊர் ஊராக நடந்து பாடினார்கள். வைணவத்தில் ஆழ்வார்களும் அப்படித்தான். அவர்கள் பாடிய கடவுள் பொதுவான ஒரு பரம்பொருள் மட்டுமல்ல. ஆரூரில் இருப்பவர், ஐயாற்றில் இருப்பவர், அரங்கத்தில் படுத்திருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஊரும் ஒரு முகவரியும் உண்டு. ஊருக்கென்று ஒரு சாமி வந்துவிட்டால், அவர் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஊரும் அவரைப் பார்க்க வேண்டும். அரசன் உலா வருவதுபோல் தேவனும் உலா வர வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. கல்லைத் தூக்கிக்கொண்டு வீதி சுற்ற முடியாது. மரம் மழைக்குத் தாங்காது, தினசரி அபிஷேகத்துக்கும் தாங்காது. மிஞ்சியது உலோகம்.

ஆக, உற்சவ மூர்த்திகள் ‘சிற்பக் கலை வளர்ந்ததால்’ வந்தவை என்று சொல்வதைவிட, திருவிழா வளர்ந்ததால் வந்தவை என்பதே சரி. பழைய உற்சவரின் பீடத்தைக் கவனித்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளைகளோ வளையங்களோ இருக்கும். தண்டில் ஏற்றிக் கட்டுவதற்கு அவை. தோளில் தூக்கப்படுவதற்கென்றே வார்த்த உருவம் அது. அருங்காட்சியகத்தில் நிற்கும்போது அந்தத் துளைகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

‘ஐம்பொன் சிலை’ என்பது சரியா?

பேச்சு வழக்கில் சரி. கல்வெட்டில் பெரும்பாலும் ‘செப்புப் பிரதிமம்’, ‘செப்புத் திருமேனி’ என்றுதான் வரும். சோதித்துப் பார்த்தவற்றில் பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் ஈயமும் வெள்ளீயமும். தங்கமும் வெள்ளியும் இருந்தால் மிகச் சிறிய அளவில்தான். ‘உள்ளே கிலோ கணக்கில் தங்கம்’ என்ற கதையை நம்பிச் சிலை திருடிய முட்டாள்கள் ஏராளம்.

இன்னொன்று. காவிரிப் படுகையில் செம்புச் சுரங்கம் கிடையாது. வண்டலும் நெல்லும்தான் அங்கே விளைந்தது. ஒவ்வொரு நடராசருக்குள்ளும் வெளியிலிருந்து வணிகர்கள் கொண்டுவந்த உலோகம் இருக்கிறது. நெல் உபரி இல்லாமல் அந்தச் செம்பை வாங்கியிருக்க முடியாது.

எப்படி வார்த்தார்கள்?

மெழுகில் உருச்செய்து அதை உருக்கி வெளியேற்றும் முறை. சுவாமிமலை ஸ்தபதிகள் பட்டறையில் இன்றும் அடிப்படையில் அதே வேலைதான் நடக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். முதலில் ஓலையை உருவத்தின் உயரத்துக்கு வெட்டி மடித்து மடித்து அளவு குறிப்பார்கள். முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை 124 பங்கு. அம்மனுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. முகம் எத்தனை பங்கு, கழுத்து எத்தனை பங்கு என்பதெல்லாம் ஓலை மடிப்பிலேயே தெரிந்துவிடும்.

மெழுகுருவம் முடிந்ததும் அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். இந்த முதல் பூச்சுதான் உயிர். விரல் நகமும் பூணூல் முறுக்கும் அதில்தான் பதியும். பிறகு கரடான மண், பெரிய உருவம் என்றால் சுற்றிலும் கம்பிக் கட்டு. சூடாக்கினால் மெழுகு ஓடிவிடும், உள்ளே வெற்றிடம். மெழுகின் எடையை முன்பே நிறுத்து வைத்திருப்பார்கள். அதைப் போல் எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். உலோகத்தை ஊற்றி ஆறவிட்டு அச்சை உடைத்தால் சாமி. அச்சு போய்விட்டது, ஆகவே அதேபோல் இன்னொன்று வராது. ஒரே ஊரில் இரண்டு சோமாஸ்கந்தர் இருந்தால் இரண்டும் வெவ்வேறு முகம் காட்டுவது இதனால்தான்.

தஞ்சைக் கல்வெட்டுகள் ‘கனமாக’ (உள்ளே கெட்டியாக) வார்த்தது எது, ‘பொள்ளலாக’ (உள்ளே வெற்றிடமாக) வார்த்தது எது என்றுகூடப் பிரித்து எழுதிவைத்திருக்கின்றன. ‘பாதாதிகேசாந்தம்’, அதாவது பாதம் முதல் முடி வரை, இத்தனை முழம் இத்தனை விரல் என்று உயரம் வேறு. ஆளை மாற்றி வைத்து ஏமாற்ற முடியாது.

பட்டும் நகையும் மாலையும் போட்டு மூடிவிடுவார்களே, பிறகு ஏன் உடம்பை அவ்வளவு நுணுக்கமாகச் செய்தார்கள்?

அபிஷேகத்தின்போது மட்டுமே முழு உருவம் தெரியும். அப்போதும் அருகில் நிற்பவர் சிலர். வீதியில் வரும்போது முகம், கை, சில சமயம் பாதம், அவ்வளவுதான். இன்று நாம் ரசிக்கும் இடுப்பு வளைவை அன்றைய கூட்டத்தில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை.

என் கருத்து: உருவம் ‘பார்வையாளருக்காக’ என்ற நினைப்பே நம்முடையது. செய்தவருக்கு அது சாமியின் உடம்பு. துணிக்கு உள்ளே இருக்கிறது என்பதற்காக அரைகுறையாக விட முடியுமா? பழைய உற்சவர்கள் சிலரின் முகம் வழவழவென்று தேய்ந்திருக்கும், கண்ணை மட்டும் பிற்காலத்தில் புதிதாக வெட்டியிருப்பார்கள். பல நூறு ஆண்டு எண்ணெய்க்காப்பும், பாலும், துடைத்த கைகளும் செய்த தேய்மானம் அது. வணங்க வணங்க உருவமே மாறியிருக்கிறது.

பாட்டு முதலில் வந்ததா, சிற்பமா?

நடராசர் விஷயத்தில் பாட்டு முந்தி. ‘குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண்சிரிப்பும்’ என்று தொடங்கி ‘எடுத்த பொற்பாதம்’ வரை அப்பர் தில்லையில் பாடியது 7ஆம் நூற்றாண்டில். தூக்கிய காலும், புன்னகையும், ஈரச் சடையும் அதில் இருக்கின்றன. நாம் பார்க்கும் செப்பு நடராசர் வடிவம் சோழர் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. ஸ்தபதி காதில் அந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. கோயிலில் தினம் பாடினார்களே.

தத்துவ விளக்கம் இன்னும் வேறு வரிசை. உடுக்கையில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய காலில் மறைப்பு, எடுத்த காலில் அருள் என்று தெளிவாகச் சொல்லும் ‘உண்மை விளக்கம்’ 13ஆம் நூற்றாண்டு நூல். திருமந்திரத்திலும் இக்கருத்து உண்டு, ஆனால் அதன் காலம் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. பாட்டு உருவத்தைக் கொடுத்தது, உருவம் கைக்கு வந்தபின் சித்தாந்தம் அதை விரல்விட்டு விளக்கியது. பாட்டுக்கும் உருவத்துக்கும் அப்புறம்தான் இந்தப் பாடநூல் விளக்கம்.

இதோடு ஒட்டிய ஒரு தவறான எண்ணம்: தேவாரத்தை ராஜராஜன் சிதம்பரத்தில் கண்டெடுத்த பிறகுதான் கோயிலில் பாடத் தொடங்கினார்கள் என்பது. திருவல்லத்தில் 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டிலேயே ‘திருப்பதியம் பாடுவார்’ இருக்கிறார்கள். ராஜராஜன் செய்தது அதைப் பெரிய அளவில் சம்பளத்தோடு நிறுவியது. பெரிய கோயிலில் பாட 48 பிடாரர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல்.

செம்பியன் மாதேவியை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

சொல்ல வேண்டிய பெயர்தான். கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழனின் தாய். கணவர் 957 வாக்கில் மறைந்த பிறகு, ஏறக்குறைய நாற்பது ஆண்டு கோயில் பணியே வாழ்க்கையாக இருந்தார். மகன் ஆட்சியும் முடிந்து ராஜராஜன் ஆட்சியிலும் அவர் இருந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை, பாடல் பெற்ற பழைய செங்கல் கோயில்களைக் கருங்கல்லில் மாற்றுவது. கோனேரிராசபுரம், ஆடுதுறை, குத்தாலம், திருக்கோடிகாவல், விருத்தாசலம் என்று பட்டியல் நீளும். நாயன்மார் எந்த ஊரைப் பாடினார்களோ அந்த ஊருக்குக் கல் வந்தது. கருவறையின் வெளிச்சுவர் மாடத்தில் ஆடும் சிவனை வைக்கும் வழக்கமும் இவர் கட்டிய கோயில்களில்தான் ஊன்றுகிறது. கோனேரிராசபுரத்தில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவதுபோல் ஒரு சிற்பமும், கணவர் பெயரால் அதைச் செய்வித்ததாகக் கீழே எழுத்தும் உண்டு.

திருக்கோடிகாவலில் இன்னொரு காரியம் செய்தார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பழைய கோயிலை இடித்துக் கட்டும்போது, சிதறிக் கிடந்த கற்களில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் மணலை வீசித் தேய்க்கும் இந்தக் காலத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த அம்மையாரை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செலவெல்லாம் ராஜாவுடையதுதானே?

இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் வடபுற அடித்தளத்தில் ராஜராஜன் சொன்னதாகவே வெட்டியிருக்கிறது: ‘நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லில் வெட்டுக என்று. அக்கன் குந்தவை. ‘மற்றும் குடுத்தார்’ என்ற சொல்லுக்குள் அதிகாரிகளும் படைப்பிரிவினரும் வருகிறார்கள். கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான் தன் பங்குக்கு அப்பர், சம்பந்தர், சுந்தரர், பரவை நாச்சியார் உருவங்களைச் செம்பில் வைத்தார். கூடவே ராஜராஜனுக்கும் தேவிக்கும் உருவம் வைத்தார். மேலாளர் விவரமானவர்தான்!

ஆனால் சாமி செய்து வைப்பதோடு செலவு முடியவில்லை. அமுது, பூ, விளக்கு, திருவிழா எல்லாம் ‘சந்திரசூரியர் உள்ளவரை’ நடக்க வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் சமூகத்தையே கோயிலோடு கட்டிப்போட்டது. விளக்கை எடுத்துக்கொள்வோம். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதை இடையர் ஒருவர் பொறுப்பேற்பார், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பார். இவை ‘சாவா மூவாப் பேராடு’. கிழடாகி ஆடு சாகத்தான் செய்யும், ஆனால் கணக்கில் சாகாது. எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பாடு, மிஞ்சிய குட்டியும் பாலும் அவருக்கு.

காசாகக் கொடுத்தால் அதை ஊர்ச்சபைகளிடம் கடனாகக் கொடுத்தார்கள். வட்டி ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில் ஒரு குறிப்பிட்ட சாமியின் அமுதுபடி ஓடும். கோயில் ஒரு வங்கியாகவும் இருந்தது என்று சொல்வது இதை வைத்துத்தான். அவ்வளவு ஏன், எடைக்கல்லுக்கே சாமி பெயர். பொன் நிறுத்தது ‘ஆடவல்லான் என்னும் கல்’லால், மணிகளை நிறுத்தது ‘தக்ஷிணமேரு விடங்கன் என்னும் கல்’லால்.

சில இடங்களில் கோயில் மருத்துவமனையும் பள்ளியும் நடத்தியது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்தில் திருமுக்கூடலில் 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை இருந்ததும், அங்கே என்னென்ன மருந்து இருப்பில் இருந்தன என்பதும் கல்வெட்டில் இருக்கின்றன.

கோயில் நிலத்தை யார் பெயரில் வாங்கினார்கள்?

சண்டேசுவரர் பெயரில். சிவன் கோயிலில் வடக்குப் பக்கம் சின்னச் சன்னதியில் இருப்பாரே, நாம் போய்க் கை தட்டிவிட்டு வருவோமே, அவர்தான். நிலம் வாங்குவது, விற்பது, கடன் கொடுப்பது எல்லாம் ‘ஆதிசண்டேசுவரர்’ பெயரில் எழுதப்பட்டன. பெரிய புராணத்தில் சிவன் அவருக்குத் தொண்டர்தலைமை கொடுத்தார், கல்வெட்டில் அதுவே ஒரு பதவி ஆகிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவன் தன் கையால் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. ராசேந்திரனே தன்னை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டான் என்று சொல்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் ஊகம்தான், ஆனாலும் அந்தச் சிற்பத்துக்கு முன்னால் நின்றால் அப்படித் தோன்றாமல் இராது.

தளிச்சேரிப் பெண்டுகள் என்பவர் யார்? தேவதாசிகளா?

‘தேவதாசி’ என்ற பிற்காலச் சொல்லோடு வரும் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் ஏற்றிவிடக் கூடாது. ராஜராஜன் பெரிய கோயிலுக்காகச் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து ஆடும் பெண்கள் 400 பேரை வரவழைத்துக் கோயிலைச் சுற்றிய தெருக்களில், அதாவது தளிச்சேரியில் (தளி என்றால் கோயில்), குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். பட்டியல் முழுவதும் சுவரில் இருக்கிறது: தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்று ஒலோகமாதேவி ஈசுவரத்து நக்கன் சேரமங்கை. அடுத்த வீடு, அடுத்த பெயர். எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பது வரை துல்லியம். எல்லோர் பெயருக்கும் முன்னால் ‘நக்கன்’. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ, தகுதியுள்ள உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் வேறு தகுதியானவரை அமர்த்த வேண்டும்.

அதே கல்வெட்டில் நட்டுவம் செய்வோர், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், தையற்காரர், பொற்கொல்லர் எல்லோரும் வருகிறார்கள். நாவிதர் ஒருவருக்கு ‘இராசராசப் பெருநாவிசன்’ என்று பட்டம். கோயில் கட்டிய குஞ்சரமல்லன் ‘இராசராசப் பெருந்தச்சன்’.

விமானத்தின் மேல்தளத்தில் நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்களைச் சிவனே ஆடிக்காட்டுவதாகச் செதுக்கத் தொடங்கி, 81 முடித்தார்கள். மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. மேலே ஆடுபவர் சிவன். தரையில் ஆடியவர்கள் சேரமங்கையும் அவர் அண்டை வீட்டாரும். நிலமும் நெல்லும் தம் பெயரில் வாங்கிய இந்தப் பெண்களின் வழிவந்த முறை, பின்வந்த நூற்றாண்டுகளில் அரசும் நிலமும் கைமாற மாற வேறாகிப் போனது. 1947ல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்தியது. அது சரியான சட்டம், தேவையான சட்டம். ஆனால் அவர்கள் ஆடிய சதிர் ‘பரதநாட்டியம்’ ஆகி சபா மேடை ஏறியபோது, மேடை ஓரத்தில் நடராசருக்கு இடம் கிடைத்தது. பரம்பரையாக ஆடிய குடும்பங்களில் பலருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

சிலையைச் செய்த கம்மாளருக்கு என்ன மரியாதை?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகக் கூர்மையான பதில் கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்றில் இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு அரசன் வெங்கால நாட்டுக் கண்மாளருக்கு (கம்மாளருக்கு) சில உரிமைகளைக் கொடுக்கிறான். நன்மை தின்மைக்கு, அதாவது கல்யாணத்துக்கும் சாவுக்கும், இரட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு போடலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

செருப்புக்கும் சுவர்ப்பூச்சுக்கும் அரசாணை! கோயில் கட்டும் கைக்குத் தன் வீட்டுச் சுவரைப் பூச அதுவரை அனுமதி இல்லை. பெருந்தச்சன் போன்ற ஒருவர் இருவர் பெயர் கல்லேறியிருக்கிறது. திருமேனிகளை வார்த்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பெயரில்லாமல் போனார்கள். செய்வித்தவர் பெயர் மட்டும் பீடத்திலும் சுவரிலும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கோயிலுக்குள் எல்லோரும் போக முடிந்ததா?

முடியவில்லை. ‘பொற்காலம்’ என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறை (வரி) விதிக்காத இடங்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்லும்: ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு. சில ஊர்களுக்குத் ‘தீண்டாச்சேரி’ என்றே வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், அதே அழகான எழுத்தில்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் ஆதனூர் நந்தனார் வருகிறார். அவர் கோயில்களுக்குக் கொடுத்தது என்ன? பேரிகைக்குப் போர்வைத் தோல், விசிக்க வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது, அவர் வாசலில் நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியதால் வெளியில் இருந்தே பார்த்தார், தில்லையில் தீயில் இறங்கிய பிறகுதான் உள்ளே போனார். பக்தி எல்லோரையும் சமமாக்கியது என்பவர்களுக்கும், ஒன்றுமே செய்யவில்லை என்பவர்களுக்கும் இந்த ஒரு கதையே பதில். அடியாராக அறுபத்துமூவரில் அவருக்கு இடம் கொடுத்தார்கள், மனிதராக வாசலைத் திறக்கவில்லை.

பஞ்சம் வந்தால் கோயில் இன்னொரு முகம் காட்டும். 1201ல் திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தன்னையும் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு இருக்கிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் 1947ல் வந்தது. உற்சவர் இன்றும் எந்தத் தெருவரை வருகிறார், எந்தத் திருப்பத்தில் திரும்பிவிடுகிறார் என்பது பல ஊர்களில் தீராத வழக்கு.

சோழர் சைவர்கள். பௌத்தம், சமணம் எல்லாம் அழிந்துவிட்டதா?

நாகப்பட்டினம் போய்க் கேளுங்கள். ஸ்ரீவிஜய அரசன் அங்கே கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை விட்டான். அந்தச் செப்பேடு இப்போது நெதர்லாந்தின் லைடன் நகரப் பெயரால் வழங்குகிறது. 1856 முதல் அங்கே தோண்டத் தோண்டப் புத்தர் திருமேனிகள் வந்தன, மொத்தம் 350 அளவில். பிரபையும் (சுற்றியுள்ள ஒளிவட்டம்) பீடமும் பார்த்தால் நம்மூர்ச் சிவன் உருவங்களோடு உறவு தெரியும். விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867ல் இடித்துவிட்டார்கள்.

குந்தவை தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில் எடுத்தார். இது பெருந்தன்மையா, கடல் வணிகக் கணக்கா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பேன். படை போன இடத்தில் கதை வேறு. அனுராதபுரத்தைச் சோழர் படை கொள்ளையிட்டதைச் சிங்கள நூல்கள் மறக்கவில்லை. பொலன்னறுவையில் அவர்கள் எடுத்த வானவன் மாதேவி ஈசுவரம் இன்னும் நிற்கிறது. அந்த ஊரில் கிடைத்த செப்புத்திருமேனிகள் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளன.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?

விழும். மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

இத்தனை சிலைகள் ஏன் மண்ணுக்கடியில் கிடைக்கின்றன?

புதைத்து வைத்ததால். ஆபத்து வந்தால் திருமேனியை எப்படி மறைத்து வைப்பது என்று ஆகம நூல்களே வழி சொல்லியிருக்கின்றன. 1311ல் மாலிக் காபூர் படையெடுப்பு, பிறகு அடுத்தடுத்த போர்கள். புதைத்தவர் இறந்துபோனால் இடமும் மறந்துபோகும். பெரிய கோயில் கல்வெட்டில் அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகள் பேசப்படுகின்றன, இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். திருவெண்காட்டில் 1011ல் கொடுத்த ரிஷபவாகனரும் 1012ல் வந்த தேவியும் 20ஆம் நூற்றாண்டில்தான் மண்ணிலிருந்து எழுந்தார்கள். 2023ல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. பாட்டும் சாமியும் ஒரே குழியில்.

சில சாமிகள் புதையாமல் நடந்தே தப்பினார்கள். தில்லை நடராசர் 1648 முதல் 1686 வரை ஊரிலேயே இல்லை. குடுமியான்மலை, மதுரை என்று இருந்துவிட்டுத் திரும்பினார். காஞ்சி வரதர் உடையார்பாளையத்தில் இருந்துவிட்டு 1710ல் வந்தார். தூக்கிச் செல்வதற்காக வைத்த பீடத் துளைகள் இங்கே வேறு விதத்தில் கைகொடுத்திருக்கின்றன.

வெளிநாட்டுக்குப் போனவற்றை எப்படி மீட்கிறார்கள்?

பத்தூர் நடராசர் வழக்கைத் தெரிந்துகொண்டால் போதும். 1976ல் திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்து, கைமாறிக் கைமாறி லண்டன் போனது. அங்கே நடந்த வழக்கில் இடிந்து கிடந்த அந்தக் கோயிலே ஒரு சட்ட நபராக, உரிமை கோரும் தரப்பாக ஏற்கப்பட்டது. 1991ல் சிலை திரும்பியது. சண்டேசுவரர் பெயரில் பத்திரம் எழுதிய நாட்டுக்காரருக்கு இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, 2014ல் திருப்பிக் கொடுத்தது. திரும்பி வந்த பல சாமிகள் சொந்தக் கோயிலில் பாதுகாப்பு இல்லாததால் பாதுகாப்பு மையத்தில் பூட்டுக்குள் இருக்கிறார்கள் என்பது வேறு வருத்தம்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பாருங்கள். காளை இப்போது இல்லை, அதன்மேல் சாய்த்த கை மட்டும் அப்படியே காற்றில் நிற்கிறது. தலைப்பாகைபோல் சுற்றிய சடையைப் பின்பக்கம் போய்ப் பார்க்க மறக்க வேண்டாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத்திருமேனிக் கூடமும் நாகப்பட்டினத்துப் புத்தர்களும். கோனேரிராசபுரத்தில் ஆளுயரத்தையும் தாண்டிய நடராசர் வழிபாட்டிலேயே இருக்கிறார், காலையில் போனால் கூட்டம் குறைவு. பெரிய கோயிலில் கைப்பேசியை எடுப்பதற்கு முன் அடித்தளத்து எழுத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். சாய்வெயில் விழும் நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும். க, ட, ப, ம எல்லாம் இன்றைய வடிவத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன, அரை மணி நேரத்தில் ‘குடுத்த’ என்ற சொல்லை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.